பள்ளிச் சோறும் பந்தியும் ஆடுகளமும்: திருச்சிராப்பள்ளியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் பள்ளிச் சிறார்க்குப் பொதுநிதியில் உணவளிக்கும் முயற்சி 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் தொடங்கியது. அதன் வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் கொடைவரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அவ்வரலாற்றை வேறு சில வினாக்களின் வழி அணுகுகிறது: செலவை ஏற்றவர் யார், சமைத்தவர் யார், பிள்ளைகள் யாருடன் அமர்ந்து உண்டனர், உண்கலத்தில் இருந்தது யாது என்பன அவை. பள்ளி உணவும் பள்ளி விளையாட்டும் ஒரே குழந்தையின் உடலைப் பற்றியனவாக இருந்தும் வெவ்வேறு துறைகளாகப் பிரிந்து வளர்ந்தமையும் இங்கு ஆராயப்படுகிறது. திருச்சிராப்பள்ளியும் அதன் பகுதிகளான வரகனேரி, புத்தூர், தென்னூர், பாப்பாக்குறிச்சி ஆகியனவும் இவ்வரலாற்றில் பெறும் இடம் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மதிய உணவு, சத்துணவு, சமபந்தி, குருகுலப் போராட்டம், உடற்கல்வி, தமிழ்நாட்டு விளையாட்டுக்கள், திருச்சிராப்பள்ளி.

முன்னுரை

பள்ளி உணவுத் திட்டங்களைப் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளுள் பல, மணிமேகலையின் அமுதசுரபியில் தொடங்கி நேரே முதலமைச்சர்களிடம் வந்து சேர்கின்றன. இடையிலுள்ள நூற்றாண்டுகளில் சோறு எவருக்குக் கிடைத்தது, எவருக்கு மறுக்கப்பட்டது என்ற வினா அந்நேர்க்கோட்டில் மறைந்துவிடுகிறது. அமுதசுரபி காப்பியக் கற்பனை. பள்ளிச் சோறோ வரிப்பணத்தாலும் அரசாணையாலும் விறகாலும் ஒரு சமையலரின் உழைப்பாலும் ஆனது. ஆகவே அதன் வரலாற்றைப் புகழுரையிலிருந்து பிரித்து, நிருவாகச் செய்தியாகவும் சமூகச் செய்தியாகவும் படிக்க வேண்டியுள்ளது.

சொல்லாட்சியிலிருந்தே தொடங்கலாம். 1920இல் வழங்கியது 'சிற்றுண்டி'. 1950களில் அது 'பகலுணவு' என்றும் 'மதிய உணவு' என்றும் பெயர் பெற்றது. 1982இல் 'சத்துணவு' ஆயிற்று. 2022இல் 'காலை உணவு' வந்தது. இவற்றுள் நான்கு சொற்கள் உணவின் அளவையோ வேளையையோ குறிக்கின்றன. 'சத்துணவு' ஒன்றே உணவின் தன்மையைக் குறிக்கிறது. வயிறு நிறைந்ததா என்பதோடு, உடலில் என்ன சேர்ந்தது என்றும் கேட்கும் சொல் அது. அக்கேள்வி சொல்லில் முதலில் வந்தது. உண்கலத்தில் அது வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின என்பதைப் பின்னர்க் காண்போம்.

பொதுச் சோற்றுக்கு முன்

அரசு தலையிடுவதற்கு முன்னரும் படிக்கும் பிள்ளைக்கு உணவளிக்கும் வழக்கங்கள் இருந்தன. கும்பகோணம், திருவரங்கம் போன்ற ஊர்களில் ஏழைப் பார்ப்பனச் சிறுவர் நாளுக்கொரு வீடாக உண்டு படித்த 'வாரச் சாப்பாடு' நன்கறியப்பட்டது. சத்திரங்களும் மடங்களும் மாணவர்க்கு உணவளித்தன. ஆயினும் இவை யாவும் சாதி வரம்பிற்குட்பட்ட ஈகைகளே. வாரச் சாப்பாட்டில் வளர்ந்து உயர்பதவி அடைந்தவர்களின் தன்வரலாறுகள் அதனை நெகிழ்ச்சியோடு நினைவுகூர்கின்றன. அவ்வசதி இன்மையால் திண்ணைப் பள்ளியோடு நின்றவர்கள் தன்வரலாறு எழுதவில்லை. சான்றுகளின் இவ்வொருபக்கச் சாய்வை மனத்திற் கொள்ளாமல் பழைய ஈகை மரபைப் பாராட்டுவது ஆய்வுக்கு உதவாது.

ஆயிரம் விளக்கு, 1920

1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மிகாமல் செலவிடலாம் என்பது வரையறை. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிந்தது. அப்பள்ளிகளில் 1922–23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924–25இல் 1,671 ஆக உயர்ந்தது.

இங்கு அயல்நாட்டு ஒப்பீடு ஒன்று பயன்படும். இங்கிலாந்தில் பள்ளி உணவுக்கான சட்டம் 1906இல் வந்தது. போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது உடல்தகுதியற்ற இளைஞர் பெருந்தொகையாகக் காணப்பட்டமையும், உடல்நலிவு பற்றி அமைந்த குழுவின் 1904ஆம் ஆண்டு அறிக்கையும் அதற்குப் பின்னணி. அமெரிக்காவின் 1946ஆம் ஆண்டுத் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டமும் நாட்டுப் பாதுகாப்பைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறியே பிறந்தது. அங்கெல்லாம் அரசின் கண்முன் நின்றவன் வருங்காலப் படைவீரன். சென்னையில் அப்படி எவனும் இல்லை. இங்கு இருந்தது வருகைப் பதிவேடு. பிள்ளை பள்ளிக்கு வர வேண்டும், வந்தவன் நிற்க வேண்டும் என்பதே நோக்கம். அவன் உடல் எப்படி இருக்கிறது என்ற கேள்வி தொடக்கத்தில் எழவில்லை. பள்ளி உணவும் உடற்பயிற்சியும் ஒரே கொள்கையாக இங்கு இணையாமற் போனதற்கு இத்தொடக்க வேறுபாடு ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

திட்டம் நிலைக்கவில்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை அரசு ஏற்க மறுத்தமையால் 1925 ஏப்ரல் 1 முதல் அது நின்றது. கல்விக்கான பணம் சோற்றுக்குரியதன்று என்பது தணிக்கை முறையின் வாதம். 1927இல் 25 பள்ளிகளில் 1,000 ஏழை மாணவர்க்கு எனச் சுருங்கிய அளவில் அது மீண்டது. 'எல்லா மாணவர்க்கும்' என்பது 'ஏழை மாணவர்க்கு' என மாறியதைக் கவனிக்க வேண்டும். ஏழை யார் என்று வகுப்பறையில் ஆசிரியர் தேர்ந்து எழுப்பும் வழக்கம் இம்மாற்றத்தோடு வந்தது. பின்வந்த திட்டங்கள் பலவற்றிலும் இந்த இழுபறி தொடர்ந்தது.

வரகனேரியிலிருந்து சேரன்மாதேவி

சிற்றுண்டி நின்ற அதே 1925இல், பள்ளியில் உண்பது பற்றிய மற்றொரு பூசல் தமிழகத்தை உலுக்கியது. திருச்சிராப்பள்ளி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் இரண்டு பார்ப்பன மாணவர்க்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது. தாய்மொழிக் கல்வி, கைத்தொழில், உடலுறுதி, நாட்டுப்பற்று ஆகியவற்றை ஒருங்கே வளர்க்க எண்ணிய நிறுவனம் அது. காங்கிரசு அதற்கு 10,000 ரூபாய் தர இசைந்து முதற்கட்டமாக 5,000 ரூபாய் அளித்திருந்தது. பொதுப்பணம் பெறும் நிறுவனத்தில் தனிப்பந்தி கூடாது என்று பெரியார் ஈ.வெ.ராவும் வரதராசுலு நாயுடுவும் எதிர்த்தனர். காந்தியடிகளின் இணக்க முயற்சியும் பூசலைத் தணிக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் ஐயர் பாபநாசத்தருகே அருவியில் உயிரிழந்தார்.

இப்பூசல் அரசியல் வரலாற்றில் பார்ப்பனரல்லாதார் இயக்கத்தின் திருப்புமுனையாகப் பேசப்படுகிறது. பள்ளி உணவின் வரலாற்றிலோ அது இடம்பெறுவதே இல்லை. ஆனால் அதன் மையம் கல்வி நிலையத்தின் பந்திதான். உடற்பயிற்சியில் எல்லாப் பிள்ளைகளும் ஒருங்கே ஓடினர். ஆடுகளத்தில் வராத பிரிவினை இலை போடும் இடத்தில் வந்தது. ஒன்றாக ஆடலாம், ஒன்றாகப் படிக்கலாம், ஒன்றாக உண்ணலாகாது என்ற இவ்வரிசையை நினைவிற் கொண்டால்தான், முப்பதாண்டுகளுக்குப் பின் ஊர்தோறும் பள்ளிப் பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர்த்திச் சோறிட்டது எத்துணைப் பெரிய செயல் என்பது விளங்கும்.

அரைநாள் பள்ளியும் முழுநாள் பசியும்

காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய கதை ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சேரன்மாதேவி அருகே தொடர்வண்டிக் கடவில் கார் நின்றபோது, மாடு மேய்த்த சிறுவனிடம் பள்ளிக்குப் போகவில்லையா என அவர் கேட்டதாகவும், போனால் சோறு யார் தருவார் என அவன் திருப்பிக் கேட்டதாகவும் அக்கதை. பல வடிவங்களில் வழங்கும் செவிவழிச் செய்தி இது. ஆயினும் குருகுலப் பந்தியும் மாடு மேய்த்த சிறுவனும் சேரன்மாதேவி என்னும் ஒரே ஊர்ப்பெயரில் சந்திப்பது வியப்பிற்குரியது. கதையை உருவாக்கிய பொதுநினைவு அவ்வூரைத் தேர்ந்தது தற்செயலாகவும் இருக்கலாம். நாட்டார் வழக்காற்றியலார் இதனை ஆராய வேண்டும்.

ஆவணங்களின் வழி நோக்கினால் வேறொரு தொடர்ச்சி புலப்படுகிறது. 1953இல் இராசாசி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வி மாற்றத் திட்டத்தின்படி, ஊர்ப்புறப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணிநேர வகுப்பு. எஞ்சிய பொழுதில் குடும்பத் தொழிலைக் கற்க வேண்டும். 'குலக்கல்வி' எனக் கடும் எதிர்ப்புக்குள்ளான அத்திட்டத்தைக் காமராசர் 1954இல் கைவிட்டார். அரைநாள் பள்ளியில் மதிய உணவு ஒரு சிக்கலன்று. பிள்ளை வீட்டிற்குப் போய் உள்ளதை உண்ணும், அல்லது உண்ணாதிருக்கும். அது பள்ளியின் கணக்கில் வராது. முழுநாள் பள்ளி மீண்டபோதுதான் நண்பகற் பசி பள்ளிக்குள்ளேயே வந்து அமர்ந்தது. ஆகவே 1956ஆம் ஆண்டு மதிய உணவை, ஒருவரின் இரக்கத்தின் விளைவாக மட்டும் காணாமல், 1954இல் எடுத்த கல்விக் கொள்கை முடிவின் தவிர்க்கவியலாத அடுத்த படியாகவும் காணலாம். இது இக்கட்டுரையின் கருதுகோள்.

அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. அவர்தம் 'நினைவு அலைகள்' இக்காலத்தை அறிய இன்றியமையாத நூல். தொடக்கத்தில் உணவு முழுவதும் ஊராரின் நன்கொடையால் நடந்தது. அறுவடைக் காலத்தில் நெல்லாகவும், மற்றக் காலத்தில் காய்கறி, விறகு எனவும் ஊர்தோறும் திரட்டினர். 1957 நவம்பர் முதல் அரசு உதவித்தொகை வந்தது. ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிட்டு, அதில் ஆறு காசை அரசும் நான்கு காசை உள்ளூராரும் ஏற்றனர். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்ற பெயரில் 1958 முதல் ஊரார் பள்ளிக்குப் பொருள் வழங்கிய இயக்கமும் இதனோடு இணைந்தது.

இந்த நான்கு காசு ஆராயத்தக்கது. ஊரார் பங்கு என்பது ஊருக்கு உரிமையுணர்வு தந்தது உண்மை. எனினும் கொடுக்க வல்ல ஊர் கொடுத்தது. மழை பொய்த்த ஊரில் அடுப்பு அணைந்தது. உணவு மிகத் தேவைப்பட்ட இடத்திலேயே அது நிற்கும் அமைப்பு அது. தவிரவும், நெல் கொடுத்தவர் ஊரின் நிலவுடைமையாளர். கொடுத்தவர் சொல் பந்தியிலும் செல்லும். ஊரார் பங்கு குறையக் குறைய அரசுப் பங்கு கூடியதை நிருவாகத் தோல்வியாகச் சிலர் எழுதியுள்ளனர். பந்தியின் நோக்கில் பார்த்தால் அது விடுதலையும் ஆகும்.

1961இல் கேர் நிறுவனத்தின் உதவி வந்தது. பால்பொடியும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் கப்பலில் வந்தன. அன்று பள்ளியில் பயின்றோர் அந்த மஞ்சள் நிற உப்புமாவின் மணத்தை இன்றும் சொல்வர். விரும்பிச் சொல்வோரும் உளர், முகஞ்சுளித்துச் சொல்வோரும் உளர். அமெரிக்க வேளாண் மிகுவிளைச்சலின் அரசியல் திருச்சி மாவட்டச் சிற்றூர்ப் பிள்ளையின் நாவரை வந்த கதை தனிக் கட்டுரைக்குரியது. 1967இல் மையச் சமையற்கூடங்கள் தொடங்கப்பட்டன.

பாப்பாக்குறிச்சி, 1982 ஜூலை 1

முதலமைச்சர் எம்.ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்தார். தஞ்சைச் சாலையில் காட்டூரை ஒட்டி, திருவெறும்பூர்த் தொழிற்பகுதிக்கு அருகில் உள்ள ஊர் அது. இன்று மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே தலைநகரைத் திருச்சிக்கு மாற்றும் எண்ணத்தையும் அவர் வெளியிட்டார் என்பது இப்பகுதிக்கு அவர் அளித்த முதன்மையைக் காட்டும். அவ்விரண்டிற்கும் நேரடித் தொடர்புண்டு என்பதற்கு அதுமட்டும் சான்றாகாது.

முதற்கட்டம் ஊர்ப்புறத்திற்கே உரியது. 2 முதல் 5 வயதுவரை குழந்தைகள் நல மையங்களிலும், 5 முதல் 9 வயதுவரை தொடக்கப் பள்ளிகளிலும் உணவு பெற்றனர். நகர்ப்புறத்திற்கு அது செப்டம்பர் 15ஆம் நாள் வந்தது. ஆகவே பாப்பாக்குறிச்சிப் பிள்ளைக்குக் கிடைத்த சோறு, சில கல் தொலைவிலிருந்த தென்னூர் நகராட்சிப் பகுதிப் பிள்ளைக்குக் கிடைக்க இரண்டரை மாதம் ஆயிற்று. நகர வறுமையை ஊர்ப்புற வறுமைக்குப் பின்னரே காணும் கொள்கைப் பழக்கத்திற்கு இது ஒரு சிறு எடுத்துக்காட்டு. 1984 செப்டம்பரில் 10 முதல் 15 வயதினர்க்கும் திட்டம் விரிந்தது.

பொருளியலாளர் பலர் இதனை வாக்குவேட்டை என்றும், வருவாய்க்கு மீறிய செலவு என்றும் கண்டித்தனர். 1980இலேயே உலக வங்கியின் உதவியுடன் மதுரை மாவட்டத்தில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியிருந்தது. எடை குறைந்த சிறு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, எடை தேறும்வரை ஊட்டுவது அதன் முறை. சத்துணவுத் திட்டம் நேர்மாறானது. எடைபோடவில்லை, தேர்ந்தெடுக்கவில்லை, வந்தவர்க்கெல்லாம் இட்டது. ஊட்டச்சத்து அறிவியலின் அளவுகோலால் முதல் முறையே சிக்கனமானது என்று வாதிடலாம். ஆனால் 1927இல் தொடங்கிய 'ஏழையைத் தேர்ந்தெடுக்கும்' இழிவு இரண்டாம் முறையில் பெருமளவு நீங்கியது. பார்பரா ஹாரிஸ் 1991இல் வெளியிட்ட, தமிழகத்தின் நண்பகல் உணவு பற்றிய நூலும், கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியின் இராசம்மாள் தேவதாசு மேற்கொண்ட மதிப்பீட்டாய்வும் இவ்விவாதத்தில் ஈடுபடுவோர் விலக்கவியலாதவை.

மூன்றாவது மாற்றம் அடுப்படியில் நிகழ்ந்தது. ஒவ்வொரு மையத்திற்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எனப் பணியாளர் அமர்த்தப்பட்டனர். பெரும்பாலோர் பெண்கள். கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோர்க்கும் முன்னுரிமை இருந்தது. ஊராரின் நெல்லில் நடந்த பந்தி அரசு ஊதியம் பெறும் பெண்ணின் கைக்கு வந்தது. அவ்வூதியம் சிறிது. காலமுறை ஊதியம் கோரி அவர்கள் நடத்திய போராட்டங்கள் பல. ஆயினும் ஒரு சிற்றூரில் ஒரு தலித் பெண் பொதுச்சோறு சமைப்பவராக அமர்வது, அரசாணை இல்லாமல் நடந்திருக்கக் கூடியதன்று.

அரசாணை இருந்தும் எதிர்ப்பு ஓயவில்லை. சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என உச்சநீதிமன்றம் 2004இல் ஆணையிட்டது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசியை அடுத்த அரசுப் பள்ளி ஒன்றில் தலித் பெண் சமைக்கக் கூடாது என ஊரார் சிலர் தடுத்தனர். அப்பெண்ணுக்கு இடமாற்றம் வந்தது. எதிர்ப்பு எழுந்தபின் அது விலக்கப்பட்டு, தடுத்தோர்மீது வழக்குப் பதியப்பட்டது. 2023இல், 1995வரை பழைய திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கரூர்ப் பகுதியில், வேலன்செட்டியூர்ப் பள்ளியில் தலித் பெண் சமைத்த காலை உணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது எனப் பெற்றோர் சிலர் விலக்கினர். சேரன்மாதேவியில் எழுந்த பூசல் ஒரு நூற்றாண்டிற்குப் பின்னும் முடியவில்லை. மாறியிருப்பது அரசு நிற்கும் பக்கம்.

சோற்றிலிருந்து சத்துக்கு

'சத்துணவு' என்ற பெயர் 1982இல் வந்தபோது உண்கலத்தில் இருந்தது பெரும்பாலும் சோறும் சாம்பாரும். பெயருக்கேற்ற பொருள் மெல்ல வந்தது. 1989இல் இரு வாரத்திற்கு ஒரு முட்டை, 1998இல் வாரத்திற்கு ஒன்று, 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் பள்ளி நாள்தோறும் ஒன்று என ஐந்து. முட்டை உண்ணாதார்க்கு 2008 முதல் வாழைப்பழம். 2013இல் சோதனை முறையில் தொடங்கிய கலவைச் சோறு வகைகள் பின்னர் எங்கும் பரவின. இம்முட்டைக் கணக்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் நீண்டது. போட்டி அரசியல் பிள்ளைகளின் தட்டுக்கு நன்மை செய்த அரிய நேர்வுகளுள் ஒன்று இது.

வாழைப்பழத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. காவிரிக்கரையில் தொட்டியம் முதல் திருவரங்கம் வரை வாழை விளையும் மாவட்டம் இது. 1993இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அமைந்ததும் இங்கேதான். இருந்தும் வாழைப்பழம் பள்ளித் தட்டுக்கு வந்தது முட்டைக்கு மாற்றாகத்தான், தன் உரிமையில் அன்று. உள்ளூர் விளைச்சலைப் பள்ளி உணவோடு இணைக்கும் சிந்தனை நம் திட்டங்களில் எப்போதும் வலுவாக இருந்ததில்லை. தென்னூரில் உழவர் சந்தை இயங்குகிறது. மாவட்டத்து உழவர் காலையில் கீரையும் காயும் கொண்டுவந்து விற்கின்றனர். அதே காலையில் அருகிலுள்ள பள்ளிச் சமையற்கூடங்களின் காய்கறி தலைக்கு இத்தனை காசு என்ற செலவினக் கணக்கில் வாங்கப்படுகிறது. இவ்விரு ஏற்பாடுகளையும் இணைக்க ஆணை எதுவும் தடையாக இருப்பதாகத் தெரியவில்லை. பழக்கமே தடை.

2001 நவம்பர் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் சமைத்த உணவு வழங்குமாறு எல்லா மாநிலங்களையும் பணித்தது. தமிழகத்தின் பட்டறிவு அதற்கு முன்மாதிரியாக அமைந்தது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளில் நடைமுறைக்கு வந்து, 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்பன அதன் உணவுவகைகள். காலையில் வேலைக்குப் புறப்படும் தாயின் நேரத்தையும் அரசு கணக்கில் கொண்டது என்பதே இத்திட்டத்தின் புதுமை.

தனித்துப் போன ஆடுகளம்

ஆயிரம் விளக்கில் சிற்றுண்டி தொடங்கிய அதே 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவின் முன்னோடி உடற்கல்வி நிறுவனங்களுள் ஒன்று அது. அங்குப் பயின்ற ஆசிரியர்கள் மாகாணமெங்கும் பள்ளிகளில் அமர்ந்தனர். படைப்பயிற்சியின் சாயலிலிருந்த 'டிரில்' மெல்ல விளையாட்டாக மாறியது அவர்களால்தான். ஆனால் சிற்றுண்டித் தீர்மானத்திற்கும் உடற்பயிற்சிப் பள்ளிக்கும் இடையே பாலம் எதுவும் எழவில்லை. ஒன்று தொடக்கப் பள்ளியின் ஏழைப் பிள்ளைக்கு உரியதாகவும், மற்றொன்று பரந்த திடலும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் உடைய உயர்நிலைப் பள்ளிக்கு உரியதாகவும் அமைந்தன. சோறு பெற்ற பிள்ளைக்குத் திடல் இல்லை. திடல் பெற்ற பிள்ளைக்குப் பள்ளிச் சோறு தேவையில்லை என்பது கருத்து.

இவ்விரு ஓட்டங்களுக்கும் வெளியே, ஊர்த் தெருவில் ஆடிய பிள்ளைகளைக் கவனித்தவர் ஒரு தமிழாசிரியர். தென்னூரை ஒட்டிய புத்தூரில் ஈபர் மேற்காணியார் உயர்நிலைப் பள்ளியில் 1934 முதல் 1943 வரை பணியாற்றிய ஞா. தேவநேயப் பாவாணரே அவர். அவருடைய 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' 1954இல் வெளிவந்தது. பாவாணரைச் சொல்லாய்வாளராக மட்டும் படிக்கும் நாம் இந்நூலை அவர்தம் பெருநூல்களின் நிழலில் விட்டுவிட்டோம். ஆண்பாற்கு உரியவை, பெண்பாற்கு உரியவை, இருபாற்கும் பொதுவானவை என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் அவர் விளையாட்டுக்களைப் பகுத்துள்ளார். ஆட்ட முறை, ஆடுவோர் தொகை, ஆடிடம், ஆட்டின் தோற்றம் என ஒவ்வொன்றையும் விளக்கும் அவரது முறை ஓர் உடற்கல்விக் கையேட்டின் ஒழுங்குடையது.

அந்நூலை இன்று படிப்போர்க்கு இரண்டு செய்திகள் புலனாகும். ஒன்று, அவ்விளையாட்டுக்களுள் பெரும்பாலானவற்றிற்குப் பொருட்செலவு இல்லை. ஓட்டாஞ்சில்லும் குச்சியும் புளியங்கொட்டையும் போதும். ஆனால் இடம் வேண்டும். தெருவும் களமும் மந்தையும் அவ்விடங்கள். மற்றொன்று, பெண்பிள்ளைகளுக்குரியன பெரும்பாலும் ஓரிடத்தில் அமர்ந்தோ சிறிய இடத்திற்குள்ளோ ஆடுவன. ஆண்பிள்ளைக்கு ஊர், பெண்பிள்ளைக்குத் திண்ணை என்ற பங்கீடு அப்பகுப்பிலேயே பதிந்துள்ளது. பாவாணர் அதனைக் குறையாகக் கூறவில்லை. உள்ளதை உள்ளவாறு பதிந்தார். நமக்கு அப்பதிவே சான்று. நகரம் பெருகித் தெருவும் களமும் வண்டிகளுக்கு உரியனவானபின், ஆண்பிள்ளை இழந்த இடத்தைப் பெண்பிள்ளை முன்பே பெற்றிருக்கவில்லை.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என அட்டவணையில் குறித்தது. சமையலறையும் அதே அட்டவணையில் உள்ளது. காகிதத்திலேனும் இரண்டும் அடுத்தடுத்து வந்தது அப்போதுதான். நடைமுறையில் இட நெருக்கடி மிக்க நகரப் பள்ளியில் சமையற்கூடம் கட்டத் திடலின் ஒரு மூலையே எடுக்கப்படுகிறது. உணவுக்கூடம் இல்லாத பள்ளியில் பிள்ளைகள் மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் வரிசையாக அமர்ந்து உண்கின்றனர். கைகழுவியபின் அங்கேயே ஓடுகின்றனர். தேர்வு நெருங்கும்போது விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கேட்டுப் பெறுவது அனைவரும் அறிந்தது. மதிய உணவு வேளையை எவரும் கேட்டுப் பெற முடியாது. சட்டப்படியான உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள வேறுபாட்டை நம் பள்ளி நேரப்பட்டியலே காட்டிவிடுகிறது.

வாயிலுக்கு வெளியே

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் வெளியிட்ட ஒழுங்குமுறையின்படி, கொழுப்பும் சருக்கரையும் உப்பும் மிகுந்த உணவுப்பொருள்களைப் பள்ளி வளாகத்திலும், வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கலாகாது. இங்கு அரசு 'உண்' என்பதோடு 'உண்ணாதே' என்றும் சொல்கிறது. ஒரு நூற்றாண்டாகக் குறையுணவை எதிர்த்து வந்த சொல்லாடல் மிகையுணவையும் எதிர்கொள்ள நேர்ந்துள்ளது. குறை எடை, சோகை, உடற்பருமன் ஆகிய மூன்றும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில் உள்ளன.

இதில் ஒரு முரண் உண்டு. பள்ளி வாயிலில் கூடையோடு அமர்ந்து நெல்லிக்காயும் இலந்தையும் வேகவைத்த கடலையும் விற்ற மூதாட்டி அவ்விடத்தை இழந்தது எந்த ஒழுங்குமுறையாலும் அன்று. சரம்சரமாகத் தொங்கும் பளபளப்பான பொட்டலங்களே அவரை அகற்றின. இப்போது பொட்டலத்தை அகற்ற விதி வந்துள்ளது. அவ்விதி கூடைக்காரரை மீட்டுக் கொண்டுவர எதுவும் செய்யவில்லை. பள்ளி உணவு ஆய்வுகளில் அரசுத் திட்டங்களுக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்த வாயில் வணிகத்திற்குக் கிடைக்கவில்லை.

மேலும் ஒன்று. உடற்பருமன் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் கட்டணப் பள்ளிப் பெற்றோரை நோக்கியும், சத்துணவு பற்றிய ஆய்வுகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை நோக்கியும் எழுதப்படுகின்றன. நடுத்தரக் குடும்பங்கள் பள்ளிப் பந்தியிலிருந்து விலகிய பின்னர் அவ்வுணவின் தரத்தைப் பற்றிக் குரலெழுப்ப வல்லவரும் குறைந்தனர். கட்டணப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுச் சம்புடத்தைத் தனியே திறந்து உண்கிறது. அங்குப் பந்தியே இல்லை. 1925இன் தனிப்பந்தி சாதியின் பெயரால் கேட்கப்பட்டது. இன்றைய தனிச்சம்புடத்திற்குப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை.

சான்றுகள் பற்றி

இவ்வரலாற்றை மேலும் எழுத விரும்புவோர் அரசாணைகளையும் தலைவர்களின் உரைகளையும் கடந்து செல்ல வேண்டும். ஒவ்வொரு சத்துணவு மையத்திலும் உண்டோர் எண்ணிக்கை, அரிசி, பருப்பு, எண்ணெய் இருப்பு ஆகியவை நாள்தோறும் பதிவேட்டில் எழுதப்பட்டு வருகின்றன. தமிழகத்தில் குழந்தைகள் எந்தெந்த நாளில் பள்ளியில் உண்டனர் என்பதற்கு இத்துணை நெருக்கமான சான்று வேறில்லை. அறுவடை நாளில் எண்ணிக்கை குறைந்ததா, பஞ்ச காலத்தில் கூடியதா, முட்டை போட்ட நாளில் எத்தனை பேர் வந்தனர், புதிய சமையலர் பொறுப்பேற்ற வாரத்தில் திடீரெனச் சரிந்ததா என்பனவெல்லாம் அப்பதிவேட்டின் எண்களிலிருந்து படிக்கக் கூடியவை. கடைசியாகச் சொன்ன சரிவு சாதியின் கையெழுத்து. எந்தப் புகார் மனுவிலும் வராத புறக்கணிப்புகளை அது காட்டக்கூடும்.

இப்பதிவேடுகள் காகிதக் கட்டுகளாக ஒன்றிய அலுவலகங்களிலும் பள்ளி அலமாரிகளிலும் கிடக்கின்றன. வரலாற்று ஆவணம் என எவரும் அவற்றைக் கருதாமையால் கரையானுக்கும் பழைய காகிதக் கடைக்கும் போகக் கூடியவை. மாவட்ட அளவில் ஒரு கல்லூரித் துறை, முதலில் பாப்பாக்குறிச்சியை உள்ளடக்கிய திருவெறும்பூர் ஒன்றியத்திலும் தென்னூர் உள்ளிட்ட மாநகரப் பள்ளிகளிலும், எஞ்சியவற்றை ஒளிப்படமெடுத்து வைக்கலாம். விளையாட்டு வகுப்பில் அன்று எத்தனை பிள்ளைகள் ஆடினர் என்பதற்கு இதுபோன்ற பதிவேடு எதுவும் இல்லை. அதனை எழுத முற்படுவோர்க்கு நேர்காணலும் பாவாணரின் நூலும்தான் துணை.